கவிழ்த்துப் படியுங்கள்: காலனிக்கால அமெரிக்க வெள்ளிக்கும் அதைச் செய்த கைகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பரணிலிருந்து ஒரு பழைய கும்பாவோ செம்போ இறங்கினால் நம் வீடுகளில் முதலில் செய்வது அதைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான். யார் பெயர் வெட்டியிருக்கிறது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, எந்த வருஷம் என்று அடியில் தேடுவோம். அமெரிக்கா என்ற நாடு உருவாவதற்கு முன்பு பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் செய்யப்பட்ட வெள்ளிப் பாத்திரங்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். மேலே தெரியும் பளபளப்பைவிட அடியில் உள்ள கீறல்களே அதிகம் பேசும்.

ஏறத்தாழ 1650 முதல் 1776 வரையிலான காலம் இது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கும், அமெரிக்காவில் வசித்து பழம்பொருள் ஏலங்களுக்குப் போகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். படிகளை இதே வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரையைப் படிக்கத் தெரியாமல் போலியைப் பிடிக்க முயல்வதுதான் புதியவர்கள் பெரும்பாலும் இடறும் இடம்.

படி 1: உலோகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளிச் சுரங்கம் இல்லை. அங்கே உருகிய வெள்ளியில் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்தும் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையிலிருந்தும் ஸ்பானிய நாணயமாக வந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு மீனும் மரமும் ஏற்றிப்போன கப்பல்கள் திரும்பும்போது கொண்டுவந்த நாணயம் அது. எட்டு ரியால் மதிப்புள்ள ஒரு ஸ்பானிய டாலரின் எடை சுமார் 27 கிராம்.

அந்த ஊர்களில் வங்கி கிடையாது. மூட்டையில் கிடக்கும் நாணயம் திருடுபோனால், இது என்னுடையது என்று அடையாளம் காட்ட வழியில்லை. அதனால் வணிகர் நாணயத்தைத் தட்டாரிடம் கொண்டுபோனார். அவர் அதை உருக்கிக் குவளையாக்கி, முத்திரை குத்தி, உரிமையாளரின் எழுத்தையும் வெட்டித் தந்தார். செய்கூலி தனி. திருடுபோனால் பத்திரிகையில் எடையையும் எழுத்தையும் குறிப்பிட்டு விளம்பரம் கொடுக்கலாம். பணம் தேவைப்பட்டால் மறுபடி உருக்கலாம். நகையைச் சேமிப்பாக வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 அவுன்ஸ் (வெள்ளி நிறுக்கும் டிராய் அவுன்ஸ், ஒன்று சுமார் 31 கிராம்) எடையுள்ள, மூடி போட்ட பீர்க் குவளை ஒன்றுக்கு 29 ஸ்பானிய டாலர்கள் வேண்டும். சேதாரம் இதில் சேரவில்லை.

படி 2: முத்திரையைக் கண்டுபிடித்து, அது எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்

லண்டன் வெள்ளியில் நான்கைந்து முத்திரைகள் வரிசையாக இருக்கும். தரத்துக்குச் சிங்கம், ஊருக்கு ஒரு சின்னம், ஆண்டுக்கு ஓர் எழுத்து, செய்தவரின் முதலெழுத்து. காலனிக்கால அமெரிக்க வெள்ளியில் இவற்றில் கடைசியானது மட்டுமே இருக்கும். தரம் பார்த்து முத்திரையிடும் அரசு நிலையம் அங்கே இருக்கவில்லை. பால்டிமோரில் அப்படியொன்று வந்ததே 1814இல்தான். ஆக, 1000க்கு 925 பங்கு என்ற ஸ்டெர்லிங் தரத்துக்கு அந்தத் தட்டாரின் நேர்மை ஒன்றே பொறுப்பு. ஹால்மார்க் இல்லாத காலத்தில் நம் ஊர்க் குடும்பங்கள் ஒரே ஆசாரியிடம் தலைமுறை தலைமுறையாகப் போனதும் இதே காரணத்தால்தான்.

குவளையில் முத்திரை பெரும்பாலும் கைப்பிடிக்குப் பக்கத்தில் விளிம்பின் கீழோ, மூடியிலோ, அடியிலோ இருக்கும். கரண்டியில் காம்பின் பின்பக்கம் பாருங்கள். தொடக்ககால முத்திரைகளில் இரண்டு எழுத்துகள் மட்டும் ஒரு கேடயத்துக்குள்ளோ இதய வடிவத்துக்குள்ளோ அடங்கியிருக்கும். 18ஆம் நூற்றாண்டு நகர நகர, குடும்பப் பெயர் முழுதாக வரத் தொடங்கும்.

இங்கே ஒரு சிறு பொறி உண்டு. அக்காலத்தார் 'ஜே' எழுத்துக்குப் பதில் 'ஐ' எழுத்தையே வெட்டினார்கள். 'ஐ.எச்.' என்றால் ஜான் ஹல். 'ஐ.சி.' என்று எழுதி மேலே கிரீடமும் கீழே ஒரு முயலும் இருந்தால் அவர் ஜான் கோனி. பழைய ஆங்கிலத்தில் கோனி என்றால் முயல். தன் பெயரையே படமாக வரைந்துகொண்ட இந்த முத்திரை எனக்கு மிகப் பிடித்தமானது.

படி 3: முத்திரையிலிருந்து ஆளுக்குப் போங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். எழுத்தை அடையாளம் கண்டதும், அந்த மனிதர் எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் கற்றார் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தொடக்ககாலத் தலைமுறையில் விடை பெரும்பாலும் கடலுக்கு அப்பால் போய் நிற்கும்.

ஜான் ஹல் 1624இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் பிறந்தவர். 1635இல் சிறுவனாகப் பாஸ்டன் வந்தார். தொழிலைக் கற்றுக்கொடுத்தது அவருடைய தாயின் முந்தைய மணத்தில் பிறந்த அண்ணன். 1652இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் சொந்தமாக நாணயச்சாலை தொடங்கியபோது அதன் பொறுப்பு ஹல்லுக்கு வந்தது. லண்டனில் முறையாகப் பயின்று வந்த ராபர்ட் சாண்டர்சனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். இருவரும் அடித்த 'பைன் மர ஷில்லிங்' இன்றும் புகழ்பெற்றது. அதன் எடை 72 கிரெயின், அதாவது சுமார் 4.7 கிராம். இங்கிலாந்து ஷில்லிங்கைவிட வேண்டுமென்றே குறைத்து அடித்தார்கள். எடை குறைந்த நாணயம் கடல் தாண்டிப் போகாது, ஊரிலேயே புழங்கும் என்பது எண்ணம். நாணயம் அடித்த கைகளே தேவாலயக் குவளைகளையும் செய்தன. அவற்றில் இருவர் முத்திரையும் சேர்ந்தே இருக்கும்.

1659இல் ஹல் வீட்டுக்கு எட்டாண்டுப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர் ஜெரமையா டம்மர். அமெரிக்க மண்ணிலேயே பிறந்த முதல் பெரிய வெள்ளிக் கைவினைஞர் என்று இவரைத்தான் சொல்வார்கள். இவர் பெயரை நினைவில் வையுங்கள், கடைசிப் படியில் மறுபடி வருவார்.

அடுத்த அலை பிரான்சிலிருந்து. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை ரத்து செய்தான். ஹியூகனாட்டுகள் எனப்பட்ட அந்த மக்கள் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களில் நெசவாளர்களும் கடிகாரக்காரர்களும் தட்டார்களும் நிறையப் பேர். நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கைத்தொழில் கையோடு வரும்.

போர்தோ நகருக்கு அருகே ரியோகோ என்ற சிற்றூரில் 1702இல் பிறந்த அப்போலோஸ் ரிவ்வார் அப்படி அனுப்பப்பட்ட சிறுவர்களில் ஒருவர். பதின்மூன்று வயதுவாக்கில் பாஸ்டன் வந்து, முயல் முத்திரைக்காரர் ஜான் கோனியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1722இல் கோனி இறந்தபோது, பையன் இன்னும் உழைத்துத் தீர்க்க வேண்டிய ஆண்டுகள் கோனியின் சொத்துப் பட்டியலில் பணமதிப்போடு இடம்பெற்றன. மிச்சக் காலத்துக்கு விலை கொடுத்துத்தான் அவர் தன்னை மீட்டுக்கொண்டார். பின்னர் ஊரார் வாயில் நுழைவதற்காகப் பெயரைப் பால் ரிவேர் என்று மாற்றினார். புலம்பெயர்ந்த நாட்டில் பெயரைச் சுருக்கிக்கொண்ட எவருக்கும் இந்த இடம் நெஞ்சில் தைக்கும்.

அவருடைய மகன்தான் 1775 ஏப்ரலில் குதிரையேறி ஆங்கிலப் படை வருவதைச் சொல்லப்போன பால் ரிவேர். அமெரிக்கப் பள்ளிப் பாடங்கள் அந்தச் சவாரியைச் சொல்லும் அளவுக்கு, தகப்பனின் பட்டறையில் கற்ற தொழிலைச் சொல்வதில்லை. 1754இல் தந்தை இறந்தபோது மகனுக்கு 19 வயது. 1768இல் அவர் செய்த 'விடுதலை மைந்தர் கிண்ணம்' பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசின் உத்தரவுக்குப் பணிய மறுத்த 92 மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்களைப் போற்றிப் பதினைந்து பேர் செய்யச் சொன்ன கிண்ணம் அது. விளிம்பைச் சுற்றி அந்தப் பதினைந்து பேரின் பெயர்களும் உண்டு. எடை 45 அவுன்ஸ், கொள்ளளவு 45 கில் (கில் என்பது பழைய ஆங்கிலத் திரவ அளவை). லண்டனில் அரசரின் ஆட்சியைத் தாக்கி எழுதிய ஜான் வில்க்சின் பத்திரிகை இதழ் எண் 45. அதை மனதில் வைத்துத்தான் இந்த அளவு. வடிவமோ சீனத்திலிருந்து வந்த பீங்கான் கிண்ணத்தினுடையது. பிரெஞ்சு அகதியின் மகன், ஆங்கிலேயக் குடியேற்றத்தில், சீன வடிவத்தில் வெள்ளி அடித்திருக்கிறார். 1949இல் அருங்காட்சியகம் இதை வாங்கியபோது பள்ளிக் குழந்தைகளும் காசு சேர்த்துக் கொடுத்தார்கள்.

நியூயார்க்கில் கதை வேறு. 1664 வரை அது டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம். ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகும் பல தலைமுறைகளுக்கு வெள்ளி டச்சு மொழியே பேசிற்று. ஆம்ஸ்டர்டாமில் பிறந்து குழந்தையாக வந்த ஜேக்கப் பூலன், டச்சு வழிவந்த கொர்னீலியஸ் கியர்ஸ்டெட், ஹியூகனாட்டான பார்தலோமியூ லெ ரூ, அவரிடம் தொழில் கற்று அவர் மகளையே மணந்த பீட்டர் வான் டைக் என்று ஒரே ஊரில் பல தேசங்கள். பெர்ன் நகர ஆட்சிக்கு எதிராக 1749இல் நடந்த சதியில் சிக்கி, லண்டன் வழியாக 1754இல் வந்து சேர்ந்த சுவிஸ்காரர் டேனியல் கிறிஸ்டியன் ஃப்யூட்டரும் இங்கேதான் கடை வைத்தார்.

மையர் மையர்ஸ் 1723இல் நியூயார்க்கிலேயே பிறந்த யூதர். பெற்றோர் ஹாலந்திலிருந்து வந்தவர்கள். யூதர்களின் வேதச் சுருளான தோராவின் கழிமுனைகளில் மாட்டும் மணிகள் தொங்கும் கொப்புகளை அவர் செய்தார். எபிரேய மொழியில் அவற்றுக்கு ரிம்மோனிம், மாதுளைகள் என்று பெயர். நியூபோர்ட், பிலடெல்பியா, நியூயார்க் தொழுகைக்கூடங்களுக்கு அவர் செய்தவை இன்றும் உள்ளன. விடுதலைப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்த நகரத்தை விட்டுக் கனெக்டிகட்டில் உள்ள நார்வாக் போனார். 1779இல் அந்த ஊரையும் ஆங்கிலப் படை எரித்தது. குடியேறியவர்களின் மகன் தானும் ஒருமுறை அகதியானார்.

பிலடெல்பியாவுக்கு ஒரே பெயர் போதும்: பிலிப் சிங். அயர்லாந்தின் கார்க் நகரத்தில் 1703இல் பிறந்து, 1714இல் தட்டாரான தந்தையோடு வந்தவர். பென்சில்வேனியா சட்டமன்றத்துக்காக 1752இல் இவர் செய்த மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்துத்தான் 1776இல் விடுதலைப் பிரகடனத்திலும் 1787இல் அரசியலமைப்பிலும் கையெழுத்திட்டார்கள்.

படி 4: முத்திரை மறைக்கும் கைகளைக் கேளுங்கள்

முத்திரை பட்டறைக்காரருடையது. சுத்தியல் பிடித்தவர் அவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. துருத்தி ஊதிய பயிற்சிப் பையன்கள், கப்பல் கூலிக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்க ஒப்பந்தமான வேலையாட்கள், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஆகியோரின் உழைப்பும் அந்த இரண்டு எழுத்துகளுக்குள் அடங்கிப்போயிருக்கிறது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெட்ரியின் பட்டறையில் ஏபிரகாம் என்ற கறுப்பினத் தட்டார் இருந்தார். 1768இல் பெட்ரி இறந்ததும் ஏபிரகாமும் சொத்தோடு சொத்தாக விற்கப்பட்டார். வாங்கியவர் ஹியூகனாட் தட்டார் ஒருவரின் மகனான ஜோனதன் சாரசின். துரத்தப்பட்டு வந்தவர்களின் பிள்ளை இன்னொரு மனிதரை விலைக்கு வாங்கினார். ஏபிரகாமுக்கென்று ஒரு முத்திரை நமக்குக் கிடைக்கவில்லை. பெட்ரியின் காப்பிக் கெண்டி ஒன்றை எங்காவது பார்க்க நேர்ந்தால், அதைச் செய்தது யார் என்ற கேள்வியை முடித்துவிடாமல் திறந்தே வையுங்கள்.

இன்னொரு சிறு செய்தி. வெள்ளி வேலையே செய்தாலும் இவர்கள் எல்லோரும் தங்களைப் பொற்கொல்லர் என்றே சொல்லிக்கொண்டார்கள். பொன் என்ற சொல் உலோகம் அனைத்துக்கும் பொதுவாகி 'ஐம்பொன்' என்று நம்மிடம் நிற்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது.

படி 5: சுத்தியலின் தடத்தைத் தேடுங்கள்

மூசையில் நாணயத்தை உருக்கிக் கட்டியாக வார்ப்பார்கள். கட்டியைப் பெரிய சம்மட்டியால் அடித்துத் தகடாக்குவார்கள். பிறகு தகட்டை வட்டமாக வெட்டி, இரும்பு முளையின் மேல் சாய்த்துவைத்து, அடியிலிருந்து சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டே மேலே ஏற்றுவார்கள். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும், விட்டால் வெடித்துவிடும். மங்கிய சிவப்பு வரும்வரை உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு குவளைக்கு இது பல சுற்று. கடைசியில் தட்டை முகச் சுத்தியலால் தழும்புகளைச் சமன்செய்வார்கள். கைப்பிடியையும் பிடியுச்சியையும் தனியே வார்த்து, வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுவார்கள்.

இதிலிருந்து சோதனைகள் பிறக்கின்றன. அடிப்பாகத்தின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு குழி தெரியும். கவராயத்தின் கால் ஊன்றிய இடம் அது. உள்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய சுத்தியல் தடங்கள் அலையலையாகத் தெரியும். அடித்து ஏற்றிய குவளையின் உடலில் நெடுக்குவாக்கில் ஒட்டுக்கோடு இருக்காது. உருளை ஆலையில் இழுத்த தகட்டை வளைத்து ஒட்டும் வழக்கம் பின்னால் வந்தது. ரிவேரே அப்படிப்பட்ட ஆலையை 1785இல்தான் வாங்கினார்.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனால் ஓவியர் ஜான் சிங்கிள்டன் காப்ளி 1768இல் தீட்டிய ரிவேரின் ஓவியத்தின் முன் நில்லுங்கள். கோட்டு அணியாமல் வேலைச் சட்டையில், ஒரு கையில் தேநீர்க் கெண்டியோடு இருக்கிறார். மேசையில் செதுக்குளிகள் கிடக்கின்றன. கெண்டியில் இன்னும் எதுவும் வெட்டவில்லை.

படி 6: வடிவத்தைப் பார்த்து ஊரைச் சொல்லுங்கள்

மூடி போட்ட பீர்க் குவளை இதற்கு நல்ல பாடம். பாஸ்டனில் 17ஆம் நூற்றாண்டில் தட்டை மூடி. 18ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளுக்குப் பிறகு குவிந்த மூடி, அதன் உச்சியில் ஒரு குமிழ், உடலின் நடுவில் ஒரு வளையம். நியூயார்க்காரர்கள் தட்டை மூடியை விடவில்லை. பெருவிரல் அழுத்தும் இடத்தில் திருகுச்சுருள், அடி விளிம்பைச் சுற்றி வெட்டிய இலைவரிசை, சிலவற்றில் மூடியில் பதித்த நாணயம் என்று அலங்காரம் கூடுதலாக இருக்கும். ஆறு மடல் கொண்ட, இரண்டு கைப்பிடி வைத்த அகலக் கிண்ணம் கண்ணில் பட்டால் அது நிச்சயம் டச்சு வழி நியூயார்க். பிராந்தியில் உலர் திராட்சையை ஊறவைத்து விருந்தில் சுற்றுக்கு விடும் கிண்ணம் அது. ஒரே ஒரு தட்டையான காது போன்ற கைப்பிடி, அதில் சாவித்துளை வடிவ ஓட்டை என்றால் அது போரிஞ்சர் கிண்ணம். நியூ இங்கிலாந்தில் இது மிக அதிகம்.

கரண்டியின் பின்பக்கத்தில், காம்பிலிருந்து குழிவுக்குள் எலிவால் போல ஒரு முகடு ஓடினால் ஏறத்தாழ 1690 முதல் 1730 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 7: எழுத்தையும் எடையையும் ஒத்துப்பாருங்கள்

முக்கோணமாக மூன்று எழுத்துகள் இருந்தால், மேலே உள்ளது குடும்பப் பெயர், கீழே இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி. அதாவது இது பெரும்பாலும் ஒரு கல்யாணச் சீர்.

அடியில் மெல்லிய கீறலாக எண்கள் இருக்கலாம். அது எடை. 25 அவுன்ஸ் 10 என்று இருந்தால் 25 டிராய் அவுன்சும் 10 பென்னிவெயிட்டும். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், 20 பென்னிவெயிட் ஓர் அவுன்ஸ். ஆக மொத்தம் சுமார் 793 கிராம். இப்போது தராசில் வையுங்கள். சற்றுக் குறைந்திருந்தால் நூற்றாண்டுகளின் துடைப்பும் தேய்ப்பும் காரணம், நல்ல அறிகுறி. எடை கூடியிருந்தால் யாரோ எதையோ சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். வெகுவாகக் குறைந்திருந்தால் ஏதோ ஒரு பாகம் போயிருக்கிறது. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனைக்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

படி 8: போலியையும் மாற்றியதையும் பிரித்தெடுங்கள்

முழுப் போலியைவிட மாற்றியமைத்தவை அதிகம். 19ஆம் நூற்றாண்டில் பீர்க் குவளைகளுக்கு மூக்கு வைத்துத் தண்ணீர்க் கூஜாவாக்கினார்கள். பின்னர் விலை ஏறியதும் மூக்கை நீக்கி ஓட்டையை அடைத்தார்கள். வாயால் ஆவி ஊதிப் பாருங்கள். ஒட்டிய இடம் வேறு நிறத்தில் ஒரு கணம் தெரிந்து மறையும். முத்திரையைச் சுற்றியும் ஊதுங்கள். உடைந்த கரண்டியிலிருந்து உண்மையான முத்திரையை வெட்டி வேறு பாத்திரத்தில் பதித்திருந்தால் அதன் எல்லைக் கோடு காட்டிக்கொடுக்கும். ஒரு ஜோடிக் கரண்டியில் முத்திரைகள் மயிரிழை மாறாமல் ஒரே இடத்தில், ஒரே கீறலோடு இருந்தால் அது வார்ப்பு. கையால் குத்திய முத்திரை இரண்டு முறை அப்படி விழாது.

'காயின்' என்ற சொல் குத்தியிருந்தால் அது 19ஆம் நூற்றாண்டுப் பொருள், காலனிக்காலம் ஆகாது. ரிவேரின் பெயர் இருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும், அந்தப் பெயர்தான் அதிகம் போலியாகியிருக்கிறது. பெரிய தொகை கொடுக்கும் முன் எக்ஸ்-கதிர் ஒளிர்வுப் பகுப்பாய்வு கேளுங்கள். பாத்திரத்துக்குச் சேதம் வராது. பழைய வெள்ளியில் ஈயமும் துளித்துளியாகத் தங்கமும் கலந்திருக்கும். மின்முறையில் சுத்திகரித்த பிற்கால வெள்ளியில் அந்தச் சுவடுகள் ஏறக்குறைய இருக்காது.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: கிடைத்த பொருளைப் பாலிஷ் போட்டுப் பளபளக்கச் செய்யாதீர்கள். சுத்தியல் தடமும் எடைக் கீறலும் முதலில் அழிவது அப்படித்தான்.

படி 9: நேரில் போய்ப் பாருங்கள்

பாஸ்டனில் நுண்கலை அருங்காட்சியகமும் ரிவேரின் வீடும். நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அமெரிக்கப் பிரிவு. டெலவேரில் விண்டர்தர் அருங்காட்சியகம். பிலடெல்பியாவில் கலை அருங்காட்சியகம், பிறகு சுதந்திர மண்டபத்தில் சிங்கின் மைக்கூடு. பல அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் முத்திரையின் நெருக்கப் படமும் எடையும் கிடைக்கும். ஒரே தட்டாரின் ஐந்து பொருள்களை அடுத்தடுத்துப் பார்த்தால் அவருடைய கை உங்களுக்குப் பிடிபடத் தொடங்கும்.

கனெக்டிகட்டில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காலனிக்கால வெள்ளியில் அதன் சேகரிப்பு மிகச் சிறந்தவற்றில் ஒன்று. அந்தப் பெயருக்குரிய எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்து, 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்து பெரும் பொருள் சேர்த்தவர். 1718இல் கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்குகளும் 417 புத்தகங்களும் மன்னரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. லண்டனில் அவரை அணுகி உதவிக்கு இணங்கவைத்தவர்களில் முக்கியமானவர் ஜெரமையா டம்மர் என்ற காலனிப் பிரதிநிதி. ஜான் ஹல்லின் பட்டறையில் எட்டாண்டு சுத்தியல் பிடித்த அந்த டம்மரின் மகன். தந்தை அடித்த வெள்ளி அதே கலைக்கூடத்தில் இருக்கிறது. போனால் அடியில் உள்ள முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். 'ஜே' இருக்காது, 'ஐ.டி.' என்றுதான் இருக்கும்.